முடிந்தது என்று சொல்லவிடாதவள்

எங்கள் அலுவலகத்தில் காலை பத்தேகாலுக்கு எல்லாரும் நின்றுகொண்டு பேச வேண்டும். ஸ்டாண்ட்-அப் என்று அதற்குப் பெயர். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று ஆளுக்கு ஒரு நிமிடம். போன வாரம் குழுவில் ஒரு பெண், நான் இரண்டு நாள் பிடிக்கும் என்று நினைத்திருந்த வேலையை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டதாகச் சொன்னாள். அவள் எழுதவில்லை. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னாள், அது எழுதிக் கொடுத்தது. அதைச் சோதிக்கும் நிரலையும் அதுவே எழுதி, அதுவே ஓட்டிப் பார்த்து, தனக்குத் தானே பச்சை டிக் போட்டுக்கொண்டது. திரை முழுக்கப் பச்சை.

"முடிஞ்சுது சார்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அந்தப் பெண் மேல் தவறு இல்லை. கெட்டிக்காரி. என் வியாதி அது. "முடிஞ்சுது" என்ற சொல்லைக் காதில் வாங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வர வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். இந்தச் சொல்லை எனக்குக் கெடுத்து வைத்தவள் ஒருத்தி இருந்தாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அனுமதி கேட்கலாம் என்றால் ஆள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. கேட்டிருந்தாலும், "என் பேரு எதுக்கு சார், வேலையப் பாருங்க" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. ஆறு பேர், நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. ஏ.சி. கம்ப்யூட்டர்களுக்காக வாங்கியது, நாங்கள் அதன் தயவில் இருந்தோம். நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. டெல்டாவில் சில தாலுகாக்கள், அவற்றில் ஏகப்பட்ட கிராமங்கள். நிரல் எழுதும் குழுவுக்கு நான் தலைவன். நான் எழுதியதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. டெஸ்டர் என்று போட்டால் யாருக்கும் புரியாது என்று முதலாளி அவளுடைய விசிட்டிங் கார்டில் "கணினிப் பரிசோதகர்" என்று அச்சடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டு டி.வி.யில் கோடு கோடாக வருகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாராம்.

தரங்கம்பாடிக்காரி. லுத்தரன் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்கும்போது மொத்தச் சபையும் அவளைத் திரும்பிப் பார்க்கும் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு தடவை நிஜமாகவே எழுந்து நின்றிருக்கிறாள். தடை ஒன்றுமில்லை, மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரைத் தப்பாக வாசித்துவிட்டார்கள், அவ்வளவுதான். பெண் வீட்டார் ஒரு வருஷம் இவள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவளால் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. பிரிண்ட் எடுத்த தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவாள். கீழே பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுபவர் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று இறங்கி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் விடமாட்டாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இல்லேன்னா?"

தந்தை பெயர் விவகாரத்தைச் சொல்கிறேன். உரிமையாளர் பெயரைப் பதியும் திரையில், தந்தை அல்லது கணவர் பெயர் கட்டாயம் என்று வைத்திருந்தேன். அது இல்லாமல் சேமிக்க விடாது. பதிவுகள் சுத்தமாக இருக்கும் என்று எனக்கு அதில் ஒரு பெருமை.

"இல்லேன்னா?" என்றாள்.

"எது இல்லேன்னா?"

"அப்பா பேரு. பழைய நோட்டுல எழுதலேன்னா? யாருக்கும் தெரியலேன்னா? அந்தம்மாவுக்கே சொல்ல இஷ்டமில்லேன்னா?"

"எல்லாருக்கும் அப்பா உண்டுங்க."

"அது எனக்கும் தெரியும். நோட்டுல உண்டான்னு கேக்குறேன்."

நான் மாற்றவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "இந்த ஒரு தாலுகாவுல ஒரே ஆளுக்கு எவ்வளவு பிள்ளைங்க பாருங்க சார்." பார்த்தேன். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஒரு புள்ளி. தினக்கூலிக்கு வந்து பதிவு செய்யும் பெண்கள் என்ன செய்வார்கள் பாவம், திரை விடவில்லை என்றதும் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறார்கள். கட்டாயப்படுத்தினால் உண்மை வராது, ஏதோ ஒன்று வரும். இதை இன்றைக்கு எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன், வண்ணப் படங்களோடு. யாரிடம் கற்றேன் என்று வகுப்பில் சொல்வதில்லை.

இன்னொரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, மொத்தத் தரவும் காணவில்லை. சர்வரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆறு மாத வேலை. தினமும் மாலை காந்த நாடாவில் நகல் எடுக்கிறோமே என்று அதை எடுத்துப் போட்டால், நாடாவில் ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாக அந்தக் கருவி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் சார் பேர மாத்தி வேற எடத்துல வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கு. நகல் வருதான்னு பாக்கணும்னு மூணு தடவ கேட்டேன். ஓடிட்டுதானே இருக்குன்னீங்க."

அன்று அவளை நான் திட்டிய திட்டு கீழே பாத்திரக்கடை வரை கேட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புது நாடாக் கருவி வந்தது. இப்போது பெரிய நிறுவனங்கள் இதையேதான் செய்கின்றன. வேண்டுமென்றே தாங்களே எதையாவது நிறுத்திப் பார்க்கிறார்கள், மாநாடு போட்டுப் பேசுகிறார்கள், நானும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

அவளோடு வேலை பார்ப்பது சுகமான காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதிவு செய்யும் பெண்களில் இருவர் அவளால் அழுதிருக்கிறார்கள். யாரையும் பாராட்டிப் பேசமாட்டாள். நூறு திரை சரியாக இருந்தாலும் நூற்றியோராவதைப் பற்றித்தான் பேச்சு. சில நாட்களில் அவள் மாடிப்படி ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவள் வராத நாட்களில் எழுதிய எதையும் என்னால் நம்ப முடிந்ததில்லை. இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆட்சி மாறியபோது ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் முதல் திரையில் மேலே ஒரு படம், சுற்றி ஒரு நிறம், கீழே ஒரு வாசகம். தேர்தலுக்கு ரொம்ப நாள் முன்பே, இந்த மூன்றையும் நிரலுக்குள் எழுதாதீர்கள், தனிக் கோப்பில் வையுங்கள் என்று நச்சரித்தாள். "இந்த ஊர்ல மாறாம இருக்கறது புல எண் மட்டும்தான் சார்" என்றாள். அரைமனதாகச் செய்தேன். வாக்கு எண்ணிக்கை நடந்த நாளில் பகல் பதினோரு மணிக்கே தாலுகா ஆபீசிலிருந்து போன். "தம்பி, அந்தப் படம்... கொஞ்சம் சீக்கிரம்." அவள் ஒரு பிளாப்பியோடு பஸ் ஏறிப் போய்ப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு வந்தாள். பக்கத்து மாவட்டத்தில் இதே வேலையைச் செய்த கம்பெனிக்கு ஒரு வாரம் ஆயிற்றாம். அந்த ஒரு வாரமும் அங்கே திரை மேல் வெள்ளைத்தாளை ஒட்டி வைத்திருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. இனிச் சொல்வதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கிராமத்துப் பதிவேடுகளில் அடங்கல் என்று ஒன்று உண்டு. எந்த வயலில், எந்தப் பருவத்தில், யார், என்ன பயிர் வைத்தார்கள் என்பதை வி.ஏ.ஓ. அதில் எழுதிவைப்பார். நிலம் யாருடையது என்பது ஒரு கட்டம். சாகுபடி செய்கிறவர் யார் என்பது இன்னொரு கட்டம். கடைசியில் குறிப்பு எழுத ஷரா என்று ஒரு கட்டம். டெல்டாவில் நிலத்துச் சொந்தக்காரர் ஒருவர், சேற்றில் இறங்குகிறவர் இன்னொருவர் என்பது புதிதல்ல. அந்தச் சாகுபடிக் கட்டத்துக்காகத்தான் இங்கே ஊர்வலம் போனார்கள், மண்டை உடைந்தது, ஜெயிலுக்குப் போனார்கள். எந்த ஆட்சி வந்தாலும் மேடையில் குத்தகைக்காரர் பக்கம்தான் பேசுவார்கள். ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டம் பல ஊர்களில் காலியாகத்தான் இருந்தது.

எங்கள் வேலை முடியும் தறுவாயில், நன்னிலம் பக்கத்து ஒரு கிராமத்தின் அடங்கலையும் எங்கள் அச்சுப் பிரதியையும் பக்கத்தில் வைத்து அவள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் பொருந்தியது. எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்து, பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஷராக் கட்டத்தில் பென்சிலால் மங்கலாகச் சின்னச் சின்ன எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

பதிவேட்டை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்த அந்த ஊர் வி.ஏ.ஓ. எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்ட வாயைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"அது சாகுபடி பண்றவங்க பேரும்மா. இங்க்ல போட்டா மிராசுதார் வந்து குதிப்பாரு. போடலேன்னா விவசாய சங்கத்துக்காரங்க வந்து குதிப்பாங்க. அதான் பென்சில். ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருப்பாங்க. சொசைட்டில உரம் வாங்க, வறட்சி நிவாரணம் வாங்கன்னு சர்டிபிகேட்டு கேட்டு வந்தா, இதப் பாத்துத்தான் எழுதிக் குடுப்பேன். எனக்கு முந்தி இருந்தவரும் அப்படித்தான்."

"எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்களா?"

"நம்ம பக்கம் பெரும்பாலும் இப்படித்தான்."

பதிவு செய்யும் பெண்களிடம் மையில் இருப்பதை மட்டும் அடிக்கச் சொன்னது நான். பென்சில் கிறுக்கல்களைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதும் நான்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் நிரலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். சாகுபடிக் கட்டம் காலியாக இருந்தால் "சொந்தம்" என்று நிரப்பிக்கொள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். தானே பயிர் செய்கிறவர்களுக்கு வி.ஏ.ஓ.க்கள் பாதி நேரம் அந்தக் கட்டத்தை எழுதாமல் விட்டுவிடுவார்கள். மீதி நேரம் "சொந்தம்" என்றே எழுதுவார்கள். அதனால் அப்படி எழுதினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

"காலின்னா காலிதான் சார். தெரியலைன்னு அர்த்தம். சொந்தம்னு நீங்க எப்படிப் போடலாம்?"

"பின்ன என்ன போடச் சொல்றீங்க?"

"தெரியவில்லைன்னு போடுங்க."

"மந்திரி வந்து பட்டனை அமுக்குற அன்னிக்கு ஸ்கிரீன் பூரா தெரியவில்லை தெரியவில்லைன்னு நின்னா நல்லாவா இருக்கும்?"

"தெரியலைங்கறது உண்மைதானே சார்?"

தாசில்தாரிடம் போனோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அச்சுல வந்துட்டா அது இங்க் ஆயிரும் தம்பி. பென்சில் பேர ஏத்துனீங்கன்னா நாளைக்கே அம்பது மிராசுதார் கோர்ட்டுல நிப்பான். குத்தகைக்காரன இப்பவே காலி பண்ணுன்னு ஆள விடுவான். அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். இப்ப இருக்கறபடி முடிங்க." அடுத்த கட்டம் என்ற சொல் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்கும் மென்பொருள் உலகத்தில் எல்லாருக்கும் நிம்மதி தருகிற சொல் அதுதான்.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. தாசில்தார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, எழுதினாலும் ஆபத்து, எழுதாவிட்டாலும் ஆபத்து, அப்படியானால் பெயருக்கு உரியவர்களையே கேட்டுவிடலாம் என்றாள். அந்தச் சனிக்கிழமை நன்னிலம் பஸ்ஸில் ஏறினாள். ஏடாகூடமாக எதையாவது செய்துவிடப் போகிறாள் என்று முதலாளி என்னையும் கூட அனுப்பினார்.

பதிவேட்டில் முதல் பக்கத்துப் பென்சில் பெயர் அஞ்சலை. நாங்கள் போனபோது நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். மாமனார் காலத்திலிருந்து குத்தகை. புருஷன் செத்து நாலு வருஷமாகிறது. மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"எழுதுனா வம்பு வரலாம்க்கா. மிராசுதார் வீட்டுல கோவிச்சுக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் இவள்.

"வம்பு எப்பதாம்மா இல்ல? எங்க மாமனாரு பேர எழுதுங்கன்னு கேட்டதுக்குத்தான் கைய ஒடிச்சாங்க. கடைசி வரைக்கும் அந்தக் கை மடங்காது. எழுதாமப் போனா மட்டும் விட்டுருவாங்களா?" என்னைப் பார்த்தாள். "நீங்கதான் எழுதுறவங்களா தம்பி? எழுதிருங்க."

சரி என்று தலையாட்டினேன். நான் தலையாட்டியதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அன்றைக்கே இவள் வி.ஏ.ஓ. வீட்டில் நின்றுகொண்டே அந்த ஊரின் பென்சில் பெயர்கள் அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும், பத்து நாள் விடுங்கள் என்று கேட்டாள். திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முடியாது என்றேன். அந்த ஒரு வரியையாவது மாற்றுங்கள் என்றாள். விழா முடியட்டும் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. மாடிக்குப் போய்விட்டாள். மேலே அவள் நடக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

விழா நன்றாக நடந்தது. மந்திரி பட்டனை அமுக்கினார். அச்சு வந்தது. கட்டமெல்லாம் நிரம்பி, பார்க்க அழகாக இருந்தது. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள்.

பழைய பதிவேடுகளைக் கட்டி மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அப்போது வி.ஏ.ஓ.க்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை, அதில் சதி ஒன்றும் இல்லை. மேலதிகாரி கண்ணில் படப்போகிற நோட்டில் கிறுக்கல் இருக்கக்கூடாது என்று, வருஷா வருஷம் ஜமாபந்தித் தணிக்கைக்கு நோட்டைத் துடைத்து அட்டை போடுகிற அதே பழக்கத்தில், உட்கார்ந்து ரப்பரால் அழித்துச் சுத்தமாகக் கொடுத்தார்கள். தணிக்கை முடிந்ததும் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிக்கொள்வது வழக்கம். இந்தத் தடவை நோட்டு திரும்பி வரவில்லை. தலைமையிடத்து ரிக்கார்டு அறைக்குள் போன கட்டை, பிறகு கேட்டபோது யாராலும் தேடி எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

அடுத்த குறுவைக்கு முன்னால் அஞ்சலையின் வயலில் டிராக்டர் இறங்கியது. மிராசுதாரின் மகன் சென்னையில் இருந்தார். நிலத்தை மனை போட விற்கப் பேசியிருந்தார். கையில் எங்கள் அச்சுத்தாள். சாகுபடி: சொந்தம். அரசாங்க முத்திரையோடு. சங்கத்து வக்கீல் ஒருவர் அஞ்சலைக்காக வழக்குப் போட்டார். வி.ஏ.ஓ. விசாரணையில் தான் பென்சிலில் எதுவும் எழுதியதில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பென்ஷன் இருந்தது. இவள் தன் நோட்டைக் கொடுத்தாள். விசாரணை அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நோட்டு. பதிவேடு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். மிச்சமிருந்த சாட்சி நான் ஒருவன்தான். அந்தச் சொல் எப்படி வந்தது என்று நிரல் எழுதியவன் சொன்னால் போதும் என்று வக்கீல் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

முந்தின நாள் முதலாளி கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாவட்டத்து வேலை நமக்கு வரும்போல இருக்கிறது, நம் நிரலில் தப்பு என்று நீயே போய்ச் சொன்னால் ஆறு குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"இந்த 'சொந்தம்'கிறது எப்படி வந்துது?" என்று அதிகாரி கேட்டார்.

"பதிவேட்டுல இருந்தபடி கம்ப்யூட்டர் எடுத்துக்கிட்டது சார்" என்றேன்.

"நீங்க எதையும் மாத்தலை?"

"இல்லை சார்."

அவர் எழுதிக்கொண்டார். அஞ்சலை சுவரோரமாக நின்றிருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் வந்தாள். கோபமாக வரவில்லை. அதுதான் என்னை இன்றுவரை வாட்டுகிறது.

"ஏந்தம்பி, நீங்க அன்னிக்கு வயலுக்கு வந்தீங்களே. கம்ப்யூட்டருட்ட நீங்க சொல்லலியா?"

ஒன்றரை மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஆறு மாவும் போயிற்று.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்தாள். ராஜினாமாக் கடிதத்தை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். பொய் சொன்னாயே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சார், ஒரு லிஸ்ட் வேணும். வி.ஏ.ஓ. கையால சொந்தம்னு எழுதினது எதெல்லாம், காலியா இருந்து உங்க வரி சொந்தம்னு போட்டது எதெல்லாம்னு பிரிச்சுக் குடுங்க. ரெண்டாவது லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு நான் ஊர் ஊராப் போயிக் கேட்டுக்கறேன். இன்னும் யார் யாருக்கு டிராக்டர் வரப்போவுதோ."

உடனே உட்கார்ந்தேன். அன்றைக்கு அவளுக்காக எதையாவது செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. கட்டளையை எழுதத் தொடங்கினேன். நாலு வார்த்தை எழுதியதும் விரல் நின்றுவிட்டது. பிரிக்க வழியில்லை. அவர்கள் எழுதிய சொந்தமும் நான் போட்ட சொந்தமும் ஒரே சொல்லாக, ஒரே கட்டத்தில், வித்தியாசம் தெரியாமல் கலந்து கிடந்தன. எது காலியாக இருந்தது என்பதை நான் எங்கேயும் குறித்துவைக்கவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள இருந்த ஒரே இடத்தையும் நானே நிரப்பிவிட்டிருந்தேன்.

"முடியாதுங்க" என்றேன். ஏன் என்று சொன்னேன்.

அவள் ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தாள். பிறகு, "அப்ப எல்லாத்தையும் குடுங்க" என்றாள்.

"எல்லாத்தையும்னா?"

"சொந்தம்னு இருக்கறது அத்தனையும்."

பிரிண்டர் பகல் முழுக்க ஓடியது. மறுநாளும் ஓடியது. தாள் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழ விழ, அவள் ஊர் வாரியாகக் கிழித்துச் சணலால் கட்டினாள். ஐந்து கட்டு வந்தது. அவற்றில் இருந்தவையெல்லாம் புல எண்களும் உரிமையாளர் பெயர்களும்தான். யார் பயிர் செய்கிறார்கள் என்பதை அவள் ஒவ்வொரு வயலாகப் போய் நின்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கட்டுகளைத் தூக்க உதவியாக நான் பஸ் நிலையம் வரை போனேன். அங்கே அஞ்சலை நின்றிருந்தாள், கையில் ஒரு மஞ்சள் பையோடு. நான் புரியாமல் பார்த்தேன்.

"அக்காவும் வர்றாங்க" என்றாள் இவள்.

"நடவுக்கும் அறுப்புக்கும் நாங்க போகாத ஊரா தம்பி?" என்றாள் அஞ்சலை. "எந்த வயல்ல யாரு பாடுபடுறாங்கன்னு எனக்குத் தெரியும். பாப்பாவுக்கு யாரத் தெரியும்?" சொல்லிக்கொண்டே இரண்டு கட்டுகளை என் கையிலிருந்து வாங்கிப் படியேற்றினாள்.

ஐந்தாவது கட்டு என் கையில் இருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட இவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "வர்றீங்களா சார்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள், பக்கத்து இருக்கையில் இருந்த பையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். எனக்கு மூன்று மணிக்கு மீட்டிங் இருந்தது.